காவலூர் கண்ட நிழல்



2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையில் வன்னிப் பெருநிலத்தின்மேல் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்ததை உங்களுட் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஸ்கந்தபுரத்தில் எங்கள் அயலவர் சிலர் அகன்ற பாத்திரத்தில் மஞ்சள் நீரை நிரப்பி அதனுள்ளே ஞாயிற்றின் சாயலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மாமரத்தின் அடியிலோ வேறொரு காட்சி. இலையிடுக்குகளினூடே நிலத்தில் வீழ்ந்த ஒளிப்பொட்டுக்கள் யாவும் சிறுசிறு வளையல்களாய் மாறியிருந்தன. விடுமுறைக் காலமாயினும் மாணவர் சிலர் அங்கே கூடியிருந்தனர். அவர்களுள் ஒருவன் என்னை நோக்கி, "சேர், சந்திரன் குறுக்கே வந்ததால் வெயில் குறைந்தது. சந்திரனே எங்கள் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றாய் இருந்திருந்தால், வெயில் குறைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி ஒன்று உண்டென்று சொல்லலாமா?" என்று வினவினான்.

நான் வரலாறு பயின்றவன். கணக்கும் எனக்கும் இளமை முதலே இணக்கமில்லை. ஆயினும் அவன் கேட்ட வினா வரலாற்றாசிரியன் நாள்தோறும் எதிர்ப்படும் வினாவே அன்றோ? கண்டவர் எவருமில்லை, எஞ்சியிருப்பது ஒரு சுவடு மட்டுமே. அச்சுவட்டிலிருந்து எவ்வளவு தூரம் துணிந்து பேசலாம்? அவனுக்கு அன்று நான் கூறிய விடையை விரித்துக் கூறுவதே இன்றைய பேச்சு. அது தமிழ்நாட்டு மலையொன்றின்மேல் தொடங்கி, புளூட்டோ என்னும் குறுங்கோளின் சிற்றுபகோள்களைத் தேடிய வரலாற்றிற் சென்று கலக்கின்றது.

காவலூர் என்றதும் நம்மவர்க்கு ஊர்காவற்றுறையே நினைவில் எழும். நான் கூறுவது அக்காவலூர் அன்று. தமிழ்நாட்டிலே முன்னர் வடஆர்க்காடு என வழங்கிய பகுதியில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலைத்தொடரின் காட்டிடையே ஒரு காவலூர் உண்டு. ஆலங்காயத்திற்கு அண்மையிலுள்ள அச்சிற்றூரை 1960களில் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு என்னும் வானியலறிஞர். 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாணவராய் இருந்தபோதே ஒரு வால்வெள்ளியைக் கண்டு, அதற்குத் தம் பெயரும் சேர்ந்து விளங்கும் பேறு பெற்றவர் அவர். கோடைக்கானலில் 1899 முதல் ஒரு வானாய்வு நிலையம் இருந்ததாயினும், அது பெரும்பாலும் ஞாயிற்றை ஆராய்வதற்கானது. இரவு வானத்தை ஆராய இருள் செறிந்த, தெற்கு வானமும் தெரியக்கூடிய ஓர் இடத்தை அவர் தேடினார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12½ பாகையில் அமைந்த காவலூர் அதற்கு வாய்ப்பாயிற்று. 1972இல் அங்கே 102 சென்ரிமீற்றர் விட்டமுடைய ஆடியைக் கொண்ட சைஸ் தொலைகாட்டி நிறுவப்பட்டது.

அத்தொலைகாட்டி வந்த ஆண்டிலேயே அது ஈடுபட்ட பணிகளுள் ஒன்று நட்சத்திர மறைப்பை நோக்குதல். விண்மீனொன்றின் முன்னே கோளோ உபகோளோ குறுக்கிடும்போது அவ்விண்மீனின் ஒளி எவ்வாறு குறைகின்றது என்பதை ஒளிமானி என்னும் கருவியால் அளந்து தாளிற் கோடாக வரைவர். 1972 யூன் 7ஆம் நாள் வியாழனின் உபகோளாகிய கனிமீட் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங் நிலையத்திலிருந்தும் நோக்கினர். கனிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென அவ்வளவீடுகளைக் கொண்டு கூறினர். பின்னர் 1979இல் வொயேஜர் விண்கலம் அண்மையிற் சென்று அளந்தபோது, முன்னர் கூறிய அளவினும் அது மிக மிக மெல்லியதே எனத் தெரியவந்தது. இதனை இங்கே சொல்லி வைக்கின்றேன். காரணம் பின்னர் விளங்கும்.

இனி யுறேனசுக்கு வருவோம். 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் வில்லியம் ஹெர்செல் அக்கோளைக் கண்டார். 1787இல் அதன் உபகோள்கள் இரண்டையும் அவரே கண்டார். அத்தோடு அமைந்திருந்தால் நன்றாயிருக்கும். பத்தாண்டுகளின் பின் மேலும் நான்கு உபகோள்கள் உண்டென அறிவித்தார். கோளைச் சுற்றி வளையமொன்று இருப்பது போலத் தோன்றியதென்றும் ஒரு காலத்திற் குறித்து வைத்திருந்தார். அந்நான்கு உபகோள்களையும் அவருக்குப்பின் எவராலும் காண முடியவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் நூல்களில் அவை இடம்பெற்றிருந்தன. ஹெர்செல் போன்ற ஒருவர் சொல்லிவிட்டால் மறுப்பது எளிதோ? 1851இல் லிவர்ப்பூல் நகரிலே மதுவடிக்கும் தொழில் நடத்திய வில்லியம் லாசெல் என்பவர், தாமே செய்த தொலைகாட்டியினால் உண்மையான இரு உபகோள்களைக் கண்டபோதே அப்பழைய கதை தேய்ந்தது. 1948இல் கைப்பர் என்பவர் ஐந்தாவதைக் கண்டார். ஆகவே 1977ஆம் ஆண்டு பிறந்தபோது யுறேனசுக்கு உபகோள்கள் ஐந்து. வளையம் எதுவும் இல்லை. வளையமென்றால் சனிக்கோள் ஒன்றுக்கே உரியதென்பது அக்காலத்துப் பாடம்.

1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, துலா இராசியிலுள்ள மங்கலான விண்மீனொன்றை யுறேனசு மறைக்கும் என்பது முன்னரே கணித்தறியப்பட்டிருந்தது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அவ்விண்மீனுக்குப் பெயரும் இல்லை. விண்மீன் அட்டவணையொன்றில் 158687 என்னும் எண்ணே அதற்குப் பெயர். இந்து சமுத்திரத்தைச் சூழ்ந்த நாடுகளிலிருந்தே அம்மறைப்பு தெரியும். காவலூரிலே ஜே. சி. பட்டாச்சாரியா, கே. குப்புசாமி என்னும் இருவரும் தொலைகாட்டியின் அருகே காத்திருந்தனர். இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலிலும், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும், தென்னாபிரிக்காவிலும் வேறு குழுவினர் காத்திருந்தனர். அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட் என்பவரும் அவருடைய துணைவரும், 91 சென்ரிமீற்றர் தொலைகாட்டியைத் தாங்கிய விமானமொன்றிலே ஏறி, இந்து சமுத்திரத்தின் தென்பகுதிக்கு மேலே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் உயரத்திற் பறந்துகொண்டிருந்தனர்.

இவர்கள் எல்லோரும் நாடி வந்தது ஒன்றே: யுறேனசின் வளிமண்டலத்தை அறிதல். உபகோளைத் தேடி வந்தவர் எவருமில்லை. வளையத்தைக் கனவிற் கண்டவர்தாமும் இல்லை.

கோள் விண்மீனை நெருங்குவதற்கு நெடுநேரம் முன்னதாகவே, காவலூரின் வரைதாளிற் கோடு திடீரெனத் தாழ்ந்தது. சில செக்கன்களில் மீண்டும் எழுந்தது. முகிலோ? மலைமேல் முகில் கடப்பது புதுமையன்று. ஆயினும் முகிலினால் ஏற்படும் மங்கல் இவ்வாறு நறுக்கென்று தொடங்கி நறுக்கென்று முடிவதில்லை. கருவியின் பிழையோ? அதற்கும் அறிகுறி இல்லை. பின்னர் அவர்கள் காத்திருந்த பெருமறைப்போ நிகழவேயில்லை. யுறேனசின் நிழல் கணித்ததினும் தெற்கே விலகிச் சென்றுவிட்டது. பேர்த் நகரத்தவர்க்கும் அதே ஏமாற்றம். வந்த விருந்தினர் வாயிலோடு திரும்பிவிட, முற்றத்தில் அவர்தம் காலடி மட்டும் பதிந்திருந்தது போன்ற நிலை அது.

அந்த ஒற்றைத் தாழ்ச்சியை என்னவென்று கொள்வது? யுறேனசுக்கு அருகே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் விண்மீனைச் சில செக்கன்கள் மறைத்தது என்பது உறுதி. அக்காலத்து அறிவின்படி யுறேனசின் அருகே இருக்கக்கூடியது ஓர் உபகோளே. எனவே பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் யுறேனசின் புதிய உபகோளொன்று எனத் தலைப்பிட்டு, "நேச்சர்" என்னும் ஆங்கில விஞ்ஞான இதழிற் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டனர்.

விமானத்திலிருந்தவர்களின் நிலை யாது? அவர்களும் முதலில் உபகோள்களையே எண்ணினர். ஆனால் அவர்களிடம் காவலூரார்க்குக் கிட்டாத ஒன்று இருந்தது. நிழல் தெற்கே சென்றபோது அவர்களின் விமானமும் அங்கேயே இருந்தமையால், கோளின் இருபுறத்தையும் அவர்களால் அளக்க முடிந்தது. முன்னெச்சரிக்கையாக அரைமணிக்கு மேல் முந்தியே கருவியை இயக்கிவிட்டிருந்தனர். கோள் மறைக்குமுன் ஐந்து தாழ்ச்சிகள். கோள் விலகியபின் மீண்டும் ஐந்து. எலியட் ஊர் திரும்பிய பின்னர் வரைதாளின் இரு பகுதிகளையும் ஒப்பு நோக்கினார். கோளிலிருந்து ஒருபுறம் எவ்வெத் தொலைவில் ஒளி தாழ்ந்ததோ, மறுபுறமும் ஏறத்தாழ அவ்வத் தொலைவிலேயே தாழ்ந்திருந்தது. ஓர் உபகோள் ஒரே இரவில் இருமருங்கிலும் நிற்றல் இயலாது. ஐந்து உபகோள்கள் அவ்வாறு அணிவகுத்து நிற்றல் அதனினும் இயலாது. சுற்றி வளைத்து நிற்பது வளையமே!

எலியட் குழுவினர் யுறேனசின் வளையங்களைப்பற்றி எழுதிய கட்டுரையும், பேர்த் நகரிலிருந்து நோக்கியோர் வளையங்களைப்பற்றி எழுதிய கட்டுரையும், காவலூரார் புதிய உபகோளைப்பற்றி எழுதிய கட்டுரையும் 1977ஆம் ஆண்டு "நேச்சர்" இதழின் அதே வெளியீட்டில், அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாயின. ஒரே நிழலைக் கண்ட மூவருள் இருவர் வளையமென்றனர், ஒருவர் உபகோளென்றனர். வரலாற்று மாணவனுக்கு இதனினும் சுவையான ஆவணத் தொகுதி கிடைப்பது அரிது. அதே ஆண்டு பட்டாச்சாரியாவும் பாப்புவும் சேர்ந்து தங்கள் வரைதாள்களை மீண்டும் துருவி ஆராய்ந்து, யுறேனசைச் சூழ்ந்த வளையத் தொகுதியைப்பற்றி அதே இதழில் எழுதினர். தாம் கூறிய உபகோளை அவர்கள் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை.

காவலூரின் தாளைத் தாழச்செய்தது, இன்று எப்சிலன் என வழங்கும் மிகவும் புறத்தேயுள்ள பெருவளையம். கோளின் நடுவிலிருந்து ஏறக்குறைய 51,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அதன் அகலம் இடத்துக்கிடம் 20 முதல் 96 கிலோமீற்றர் வரை வேறுபடும். யுறேனசோ நமக்கு ஏறத்தாழ 270 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. அவ்வளவு தொலைவில் அவ்வளவு மெல்லிய பட்டையை நேரே காண முயல்வது, ஸ்கந்தபுரத்தில் நின்று யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு குண்டூசியின் தலையைக் காண முயல்வதற்கு ஒப்பாகும். அக்காலத்தில் உலகின் எத்தொலைகாட்டிக்கும் அது இயலாத செயல். நிழல் ஒன்றே வழி.

இங்கே ஒரு வார்த்தை. யுறேனசின் வளையங்களை முதலிற் கண்டவர் நம் நாட்டவரே என்றும், மேனாட்டார் அப்பெருமையைக் கவர்ந்துகொண்டனர் என்றும் சிலர் மேடைகளிற் பேசக் கேட்டிருக்கின்றேன். அவ்வாறு பேசுவது காவலூர் அறிஞர்க்குச் செய்யும் சிறப்பு ஆகாதென்பது என் துணிபு. அவர்கள் கண்டது உண்மை, பதிவுசெய்தது உண்மை, அதற்கு அவர்கள் முதலில் இட்ட பெயர் பொருந்தவில்லை. மூன்றையும் சேர்த்துச் சொன்னாலன்றி வரலாறு ஆகாது. ஒரே சாட்சியைக் கொண்டு எழுதவேண்டிய நிலையில் இருந்தோர் அவர்கள். மறுபக்கத்துச் சாட்சி அவர்களுக்குக் கிட்டவில்லை. நம் ஊர்ச் செப்பேடு ஒன்றிற் பாதி உடைந்துபோயிருக்கும்போது எஞ்சிய பாதியைப் படித்து முடிவு கூறும் புலவர் நிலையும் இதுவே.

இதன் மறுதலையான நிகழ்ச்சி புளூட்டோவின் வரலாற்றில் உண்டு.

புளூட்டோவை 1930 பெப்ரவரி 18ஆம் நாள் அமெரிக்காவின் லோவெல் வானாய்வு நிலையத்தில் இளைஞரான கிளைட் டோம்போ கண்டறிந்தார். அதன்பின் 48 ஆண்டுகள் அதற்கு உபகோள் உண்டென எவரும் அறியார். 1978 யூன் மாதத்தில் ஜேம்ஸ் கிறிஸ்ரி என்பவர், புளூட்டோவின் வட்டம் ஒருபுறம் புடைத்துத் தோன்றிய ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பழுதான தகடுகளெனத் தள்ளத்தக்கவை அவை. அப்புடைப்பு ஆறு நாட்களுக்கு ஒருமுறை சற்று மேற்பட்ட முறையில் திரும்பத் திரும்ப இடம் மாறுவதை அவர் கவனித்தார். பழுதுக்கு ஒழுங்கு இராது. சுற்றுவதற்கே ஒழுங்கு உண்டு. இவ்வாறு சாரன் என்னும் உபகோள் வெளிப்பட்டது. அதன் விட்டம் புளூட்டோவின் விட்டத்திற் பாதிக்குச் சற்று மேல். கிரேக்கர் கதையிற் புளூட்டோ இறந்தோர் உலகின் அதிபதி; நம்முடைய யமனுக்கு நிகர். சாரன் அவ்வுலகின் ஆற்றைக் கடப்பிக்கும் ஓடக்காரன். 1988இல் புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்தபோது அதே எலியட் அதே விமானத்திற் பறந்து, புளூட்டோவைச் சூழ்ந்த மெல்லிய வளிமண்டலத்தை நிழலினால் அறிந்தார்.

2005 மே மாதத்தில் ஹபிள் விண்தொலைகாட்டி எடுத்த படங்களில் மேலும் இரண்டு புள்ளிகள் தென்பட்டன. நிக்ஸ், ஹைட்ரா என்பன அவை. மறு ஆண்டு ஜனவரியில் நியூ ஹொரைசன்ஸ் என்னும் விண்கலம் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பிராக் நகரிற் கூடிய அனைத்துலக வானியற் சங்கம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என வகுத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஏ-ஒன்பது வீதி அடைபட்டிருந்தது. வன்னிக்குள் இருந்த நாம் மின்கலத்தில் இயங்கிய வானொலியில் அச்செய்தியை ஒரு வரியாகக் கேட்டோம். புதிய பாடநூல் எப்போது வருமென்று யார் அறிவார்? ஆசிரியர் பற்றாக்குறையால் விஞ்ஞான பாடமும் அப்போது என் தலைமேல் வீழ்ந்திருந்தது. அதன்பின்னும் பல மாதங்கள், கரும்பலகையில் ஒன்பது கோள்களையும் எழுதி, ஒன்பதாவதன் அருகே ஒரு வினாக்குறி இட்டு வந்தேன்.

விண்கலம் வழியில் இருக்கும்போதே அதனை அனுப்பியவர்களை ஓர் அச்சம் பற்றிக்கொண்டது. சிற்றுபகோள்களின்மீது விண்கற்கள் மோதினால் தூசி எழும். பெரிய கோளாயின் அத்தூசி மீண்டும் அதன்மேலேயே வீழ்ந்துவிடும். சிற்றுபகோளுக்கோ பிடித்து வைக்கும் ஈர்ப்பு வலிமை இல்லை; தூசி வெளியே பரந்து வளையமாகவோ முகிலாகவோ சுற்றிக்கொண்டிருக்கலாம். விண்கலம் செக்கனுக்கு ஏறக்குறைய 14 கிலோமீற்றர் வேகத்தில் அவ்விடத்தைக் கடக்கவேண்டும். அவ்வேகத்தில் ஓர் அரிசிமணியளவான துணுக்கு மோதினாலே கலம் அழிந்துபோகும் என்றனர். ஒன்பதரை ஆண்டுப் பயணம் ஓர் அரிசிமணியால் வீணாகலாம்! நெல் விளையும் மண்ணிலிருந்து பேசும் எனக்கு, அரிசிமணிக்கு அஞ்சிய இவ்வறிஞரின் நிலை மனத்தை விட்டு அகலுவதில்லை.

ஆதலின் புளூட்டோவைச் சுற்றி வளையம் உண்டோ என்று 2011இல் ஹபிள் தொலைகாட்டியால் மார்க் ஷோவோல்டர் என்பவரின் குழுவினர் தேடினர். வளையம் அகப்படவில்லை. அகப்பட்டது நான்காவது உபகோள்! காவலூரிலே வளையம் வந்து உபகோளென்று பெயர் பெற்றது. இங்கே வளையத்தைத் தேடப்போய் உபகோள் வந்து வாய்த்தது. அதற்குக் கேர்பெரோஸ் எனப் பெயரிட்டனர். 2012இல் ஸ்டிக்ஸ் என்னும் ஐந்தாவது உபகோளும் வெளிப்பட்டது. ஒவ்வொரு புது உபகோளும் விஞ்ஞானிகளுக்கு மகிழ்ச்சியையும், விண்கலத்தை நடத்துவோர்க்கு உறக்கமின்மையையும் ஒருங்கே தந்தது.

2015 மே மாதம் தொடங்கி ஏறக்குறைய ஏழு வாரங்கள், விண்கலமே தன் தொலைகாட்டியினால் முன்னே உள்ள வழியைப் படம்பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. புவியிலுள்ளோர் ஒவ்வொரு தொகுதிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, பின்னணி விண்மீன்களைக் கழித்து, எஞ்சும் புள்ளிகளை ஆராய்ந்தனர். இடர் காணப்படின் வேறு வழியாகச் செலுத்தவும், அல்லது வட்டமான பெரிய அலைவாங்கியை முன்புறம் திருப்பிக் கேடயமாகக் கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. புதிய உபகோளும் இல்லை, வளையமும் இல்லை என்பதே தேடலின் முடிவு. யூலை 14ஆம் நாள் விண்கலம் முன்னர் வகுத்த வழியிலேயே பழுதின்றிக் கடந்தது. மிக மங்கலாய்த் தெரிந்த கேர்பெரோஸைக் கரிய பெரும்பாறை எனச் சிலர் கணித்திருந்தனர். அண்மையில் எடுத்த படமோ, அதன் நீளமான பக்கமே 20 கிலோமீற்றரை எட்டாதென்றும், மேற்பரப்பு ஒளிமிக்கதென்றும் காட்டியது. ஓர் ஒளிப்புள்ளியிலிருந்து பொருளின் பருமனைக் கணிப்பதில் ஹெர்செல் காலத்து இடர் முற்றாக நீங்கிவிடவில்லை.

புளூட்டோவுக்கு வளையம் இல்லையாயினும் பிற குறுங்கோள்களுக்கு உண்டு. 2017 ஜனவரியில் ஹவுமியா ஒரு விண்மீனை மறைத்தபோது அதற்கு வளையம் உண்டெனத் தெரிந்தது. 2023இல் குவாவார் என்னும் தொலைவான சிறு உலகுக்கும் வளையம் இருப்பதாக அறிவித்தனர். வளையம் அவ்வளவு தொலைவில் வளையமாக நிலைக்காது, திரண்டு உபகோளாகிவிட வேண்டும் என்பது அதுவரை கொண்டிருந்த கொள்கை; குவாவாரின் வளையம் அக்கொள்கைக்கு அடங்காத இடத்தில் நிற்கின்றது. இவையனைத்தும் விண்மீனின் ஒளி சில செக்கன் தாழ்ந்ததைக் கொண்டே அறியப்பட்டன. குவாவாரின் வளையத்தைக் கண்டறிவதற்குப் பெரிய நிலையங்களோடு, அவுஸ்திரேலியாவில் தம் சொந்தத் தொலைகாட்டிகளால் நோக்கிய ஆர்வலரின் பதிவுகளும் துணைநின்றன. காவலூர் இரவில் செய்த அதே செயலை இன்று வீட்டு முற்றத்திலும் செய்யலாம். ஒரு நிழலைப் பலர் பல இடங்களிலிருந்து பதிவுசெய்தல் வேண்டும் என்பது மட்டுமே நியதி.

மாமரத்தடியில் என்னை வினவிய மாணவனுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "சொல்லலாம், ஆனால் ஏதோ ஒன்று உண்டென்று மட்டும் சொல்லலாம். அது இன்னதென்று சொல்ல, மறுபக்கத்தில் நின்றவனையும் கேட்கவேண்டும்" என்றேன். அவன் விடவில்லை. "அப்படியென்றால் காவலூர்க்காரர் சொன்ன அந்த உபகோள் இல்லவே இல்லையா, சேர்?" என்றான்.

1986 ஜனவரி 6ஆம் நாள் காவலூரில் 234 சென்ரிமீற்றர் தொலைகாட்டி திறந்து வைக்கப்பட்டது. அதனைத் தொடங்கிய பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டமையால், அதற்கு அவர் பெயரைச் சூட்டினர். அதே மாதம் 24ஆம் நாள் வொயேஜர் இரண்டு யுறேனசின் அருகே சென்றது. அது அனுப்பிய படங்களில் எப்சிலன் வளையத்தின் உட்புறத்தில் ஒன்றும் வெளிப்புறத்தில் ஒன்றுமாக இரு சிற்றுபகோள்கள் காணப்பட்டன. கோர்டேலியா, ஒபீலியா எனப் பெயர் பெற்ற அவ்விரண்டும், ஆட்டுமந்தையை இருபுறமும் நின்று மடக்கும் இடையரைப் போல, அவ்வளையத்தைச் சிதறவிடாது காத்துநிற்கின்றன. காவலூர்த் தாளில் விழுந்த நிழல் அவற்றினுடையதன்று. ஆயினும் அந்நிழலுக்கு மிக அருகிலே, எவர் கண்ணிலும் படாமல், 1977ஆம் ஆண்டின் அவ்விரவிலும் அவை சுற்றிக்கொண்டுதான் இருந்தன.